விமானியின் தகுதியும் மலையக இளைஞனும்

நோட்டன் பிரிட்ஜுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் வாழும் எவரும் ஏழு கன்னியர் மலையை அறியாதிருத்தல் இயலாது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிப் புறப்பட்ட விமானமொன்று, வழியிலே கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்து, அம்மலையில் மோதிச் சிதறிற்று. மார்ட்டின் எயார் என்னும் டச்சு நிறுவனத்தின் டீ. சீ. 8 ரக விமானம் அது. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 உயிர்கள் அழிந்தன. ஒருவரேனும் தப்பவில்லை. தாம் எவ்விடத்தில் இருக்கின்றோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணமெனப் பின்னர் விசாரணையாளர் கண்டனர். எங்கள் பகுதியிலே பிறந்த பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகச் செய்தியன்று. இரவிலே பாட்டிமார் சொல்லக் கேட்ட கதை.

அந்த விமானிகள் உரிமம் பெற்றவர்கள், பழகிய கைகள். அத்தகையோர் கையிலேயே இத்துணை பெரிய அழிவு நேரக்கூடுமாயின், விமானியின் கண்ணையும் காதையும் இதயத்தையும் மனத்தையும் உலகம் ஏன் இவ்வளவு கடுமையாகச் சோதிக்கின்றது என்பதை மலையகத்தாருக்கு எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. இதனை முதற்கண் கூறிவிட்டே விடயத்துக்கு வருகின்றேன். ஏனெனில், நான் எழுதப் புகுவது அச்சோதனைகளுக்கு எதிராக என்று எவரேனும் விளங்கிக்கொள்ளக்கூடும்.

சென்ற ஆண்டு எமது விடுதி மண்டபத்தில், மலையக இளைஞர் நாடவேண்டிய புதிய தொழில்கள் பற்றி ஒரு விவாதம் நிகழ்ந்தது. வெளிநாடு சென்று விமானிப் பயிற்சி பெறுதல் பற்றிய பேச்சு எழுந்தபோது இரு கருத்துகள் கூறப்பட்டன. ஒரு நண்பர் எழுந்து, தோட்டத்துப் பிள்ளைகளின் உடல் அதற்கு ஏற்றதன்று, போஷாக்கின்மையால் நலிந்த சந்ததி அது, வீணாசையை ஊட்டுவது பாவம் என்றார். அவருக்கு மறுமொழியாக மற்றொருவர், பல்கலைக்கழக அனுமதியிலே நுவரெலியா போன்ற மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதுபோல, விமானிக்குரிய வைத்திய நிபந்தனைகளையும் எம்மவருக்குத் தளர்த்த வேண்டும் என முழங்கினார். கைதட்டல் இரண்டாமவருக்கே மிகுதியாகக் கிடைத்தது. முதலாமவர் எம்மை இகழ்ந்தார். இரண்டாமவர் எமக்கு இரங்கினார். ஆனால் அவ்விருவருள் ஒருவரேனும் அந்நிபந்தனைகளை வாசித்திருக்கவில்லை. வாசித்திருந்தால் இரண்டு கூற்றுகளும் எழுந்திரா.

நான் அவற்றை வாசிக்க நேர்ந்தது ஆராய்ச்சி ஆர்வத்தாலன்று. என் பெரியம்மாவின் மகன் ஒருவர் உளர். அட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். கணிதப் பிரிவில் உயர்தரம் சித்தியெய்தியவர். பெயரை எழுதவேண்டாம் என்றார், எழுதவில்லை. கொழும்பிலே வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவரின் விளம்பரத்தைக் கண்டு அவர் போய்ச் சேர்ந்தார். பெரியப்பாவின் ஊழியர் சேமலாப நிதி, பெரியம்மாவின் தாலிக்கொடி நீங்கலான நகைகள், மூத்த அக்காள் மத்தியகிழக்கில் வீட்டுவேலை செய்து அனுப்பிய பணம், போதாததற்கு வட்டிக்கடன் எல்லாம் சேர்ந்து அவரை ஒரு வெளிநாட்டுப் பறப்புப் பாடசாலையின் வாயிலில் கொண்டுபோய் விட்டன. வைத்தியப் பரிசோதனை பற்றி அண்ணன் கேட்டபோது, அது வெறுஞ் சடங்கு, அங்கே போனதும் முடிந்துவிடும் என்றாராம் முகவர்.

அங்கே சென்றதும் முடிந்துதான் விட்டது. பயில்நிலை விமானிக்குரிய கீழ்த்தரச் சான்றிதழ் ஒன்றை அந்நாட்டு வைத்தியர் வழங்கினார். அதன் அடியிலே ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: இரவுப் பறப்புக்கும் வர்ண ஒளிச் சமிக்ஞையின் வழி நடத்தப்படுவதற்கும் செல்லுபடியாகாது என்பது அதன் பொருள். அவ்வரி என்னவென்று அண்ணனுக்கு எவரும் விளக்கவில்லை. தொலைபேசியிற் கேட்டபோது, புதியவர் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று முகவர் கூறினார். 63 மணிநேரம் பறந்தார். தனியே பறந்த நாளிலே எடுத்த புகைப்படம் பெரியம்மா வீட்டுச் சுவரிலே இன்றும் மாட்டப்பட்டிருக்கின்றது. பணம் தீர்ந்தது. எஞ்சிய மணிநேரங்களை இலங்கையிலே முடித்து இங்கேயே உரிமம் பெறலாம் என எண்ணித் திரும்பினார். வர்த்தக விமானிக்கு வேண்டிய முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழுக்காக வைத்தியர் முன் அமர்ந்தார்.

வைத்தியர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். இஷிஹாரா என்னும் ஜப்பானிய வைத்தியர் 1917இல் வெளியிட்ட வர்ணப் புள்ளித் தட்டுகள் அவை. முதலாம் தட்டிலே 12 என்னும் எண் இருக்கும். அதனை எல்லோரும் வாசிப்பர். அண்ணனும் வாசித்தார். அடுத்தடுத்த தட்டுகளில் அவருக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண்கள் தெரியவில்லை. விதி அவ்வளவில் ஒருவரைக் கைவிடுவதில்லை; விமான ஒளிகளின் வர்ணங்களைப் பிழையின்றி இனங்காண வல்லாரெனின் தகுதி அளிக்கலாம் என்பதற்கும் அதில் இடமுண்டு. ஆகவே விளக்குச் சோதனைக்கும் அனுப்பப்பட்டார். சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் சொன்னார். முடிந்தது.

அந்த வைத்தியரை நான் குறைகூறேன். இரவிலே ஓடுபாதையின் தொடக்கத்தைக் காட்டுவது பச்சை ஒளி. முடிவைக் காட்டுவது சிவப்பு. எதிரே வரும் விமானத்தின் இடப்புறச் சிறகிலே சிவப்பும் வலப்புறச் சிறகிலே பச்சையும் எரியும். அது எம்மை நோக்கி வருகின்றதா விலகிச் செல்கின்றதா என்பதை அறிய அவ்விரண்டுமே வழி. இறங்குபாதையின் ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் உயரம் சரி. நான்கும் சிவப்பாயின் விமானம் மிகவும் தாழ்ந்துவிட்டது என்பது எச்சரிக்கை. மலைப்பாங்கான பிரதேசத்திலே மிகவும் தாழ்தல் என்றால் என்னவென்பது ஏழு கன்னியர் மலைக்குத் தெரியும். வானொலித் தொடர்பு அறுந்த விமானத்துக்குக் கோபுரத்திலிருந்து காட்டப்படுவதும் வர்ண விளக்கே. பின்தங்கிய மாவட்டம் என்பதற்காக இவ்விடயத்தில் சலுகை கேட்பவர், சலுகை பெற்ற அவ்விமானியின் பின்னால் தம் தாயாரை அமர்த்திப் பயணஞ் செய்விப்பாரா என நெஞ்சிலே கைவைத்துச் சொல்லட்டும்.

ஆயின் என் சினம் யார்மீது? பத்து நிமிடத்திலே முடியும் ஒரு சோதனை, பல இலட்சம் ரூபா செலவழிந்த பின்னர் நிகழ்ந்ததே, அந்த ஒழுங்கின்மீது. வர்ணப் பார்வைக் குறை பிறவியிலேயே அமைவது. தாய்வழியாக ஆண்மக்களுக்கு இறங்குவது. அண்ணன் பறப்புப் பாடசாலைக்குச் சென்ற நாளில் மட்டுமன்று, பாலர் வகுப்பிலே சேர்ந்த நாளிலும் அது அவரிடம் இருந்தது. இதிலே எனக்கு இன்றும் ஆறாத ஒன்றுண்டு. பெரியம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு காலத்திலே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அரைத்த கொழுந்து புளித்துச் செம்பு நிறம் அடையும் பதத்தைக் கண்ணாற் பார்த்துச் சொல்லவேண்டிய இடத்திலே அவரை நிறுத்தினார்களாம். பதத்தைப் பலமுறை தவறவிட்டார் என்று ஏச்சு வாங்கி, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டார். வீட்டிலே அதனைச் சொல்லிச் சிரிப்பார்கள். குடும்பத்தின் கண்ணிலே உள்ள குறை ஒரு நகைப்புக் கதையாக முப்பது ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்திருக்கின்றது. அதற்கு ஒரு பெயருண்டு, அது மருமகனுக்கும் இறங்கியிருக்கலாம் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

கொழும்பிலே வசதியுள்ள வீட்டுப் பிள்ளையொன்றுக்கும் இக்குறை வரலாம். வித்தியாசம் யாதெனில், அவ்வீட்டுக்கு ஒரு குடும்ப வைத்தியர் இருப்பார். விமான நிறுவனத்திலே தொழில் புரியும் சிற்றப்பா ஒருவர் இருப்பார். பணங்கட்டுமுன் முதலாம் வகுப்புச் சான்றிதழைப் பெற்றுக்கொள், எந்த நாட்டு உரிமத்தோடு தொழில்செய்யப் போகின்றாயோ அந்நாட்டு வைத்திய மதிப்பீட்டை முதலிலே முடித்துக்கொள் என அவர் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியந்தான் எம்மவருக்கு எட்டாத சொத்து. உழைப்புச் சுரண்டலைப் பற்றி இம்மலரிலே ஆண்டுதோறும் எழுதுகின்றோம். அறிவின் பதுக்கலைப் பற்றியும் சற்று எழுதவேண்டும்.

இனி, உடல் ஏற்றதன்று என்ற நண்பரின் கூற்றைப் பார்ப்போம். சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு என்பதே உலக நாடுகள் யாவும் தத்தம் விமானிகளுக்கு விதிக்கும் தகுதிகளின் அடிப்படை. அதன்படி முதலாம் வகுப்பு மதிப்பீட்டில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவுக்கும் இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவுக்கும் பார்க்க வேண்டும். கண்ணாடி அணிந்து அவ்வளவு பார்த்தாலும் போதும். இவ்விடத்திலே ஒரு நிமிடம் நிற்க விரும்புகின்றேன். என்னோடு உயர்தரம் கற்ற மாணவி ஒருத்தி, பௌதிகத்திலே எங்கள் எல்லோரினும் வல்லவள், விமானியாக வேண்டுமென்ற ஆசையைப் பத்தாம் வகுப்பிலேயே கைவிட்டாள். காரணம், கண்ணாடி போட்டவர்களை எடுக்கமாட்டார்கள் என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தார். பார்க்க முடியாதவரைப் பறக்கலாம் என்று அனுப்பியதும், பறக்கக்கூடியவளைப் பறக்கலாகாது என்று தடுத்ததும் ஒரே அறியாமைதான்.

செவிப்புலனுக்கும் அளவு உண்டு. 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்களில் 35 டெசிபலுக்கு மேற்பட்ட இழப்பு இருத்தலாகாது. 3000இல் 50 வரை பொறுக்கப்படும். இதயத்தின் மின்வரைபடம் முதற் சோதனையிலேயே எடுக்கப்படும். செயற்பாட்டிலுள்ள நுரையீரற் காசநோய் உடையவர் தகுதியற்றவர். ஆறிப்போன வடு மட்டும் உடையவர் தகுதி பெறலாம். இன்னார் இத்தனை அடி உயரம் இருக்கவேண்டும் என்றொரு விதி அவ்விணைப்பில் இல்லவே இல்லை. சில விமான நிறுவனங்களும் படைகளும் தத்தமக்கென உயர அளவுகளை வகுத்துள்ளன; அது வேறு விடயம்.

தோட்டப்புறக் குழந்தைகளின் போஷாக்கின்மை பொய்யென்று நான் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் நூற்றுக்கு 32 பேர். இது வெட்கத்துக்குரிய கணக்கு. ஆனால் வெட்கப்படவேண்டியவர் குன்றிய குழந்தையல்லர். நண்பரோ அந்தப் புள்ளிவிவரத்தை எடுத்து, எஞ்சிய 68 பேரின் முகத்திலும் கதவை அறைகின்றார். குன்றியோருள்ளும் எத்தனை பேருக்குக் கூர்மையான கண்ணும் நலமான செவியும் உண்டு என்பதை அவர் எண்ணவில்லை. சோதனை என்பது ஒவ்வோர் ஆளையும் தனித்தனியே பார்ப்பதற்கு ஏற்பட்டது; ஒரு சமூகத்தை மொத்தமாக நிறுத்துப் பார்ப்பதற்கன்று.

மொத்தமாக நிறுத்துப் பார்க்கும் வழக்கம் எமது வரலாற்றுக்குப் புதிதுமன்று. கடல் கடந்து வருமுன் எம் முன்னோரும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட்டவர்களே. மண்டபம் முகாமிலே பல நாட்கள் தடுத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, தொற்றுநோய் இல்லையென்று கண்டபின்னரே கப்பலேற்றினர். அங்கே சோதிக்கப்பட்டது அவர்களது ஆயுளன்று. தோட்டத்துக்குத் தொற்றுநோய் வராதிருத்தலும், கூடை சுமக்கும் தோள் இருத்தலுமே. கப்பலேறியவனுக்கு அச்சோதனையின் பயன் என்னவென்று எவரும் சொன்னதில்லை. அண்ணனின் சான்றிதழில் எழுதப்பட்ட அந்த ஒரு வரியும், அதனை விளக்காது விட்டோரின் மௌனமும் எனக்கு மண்டபத்தையே நினைவூட்டுகின்றன.

உரிமம் என்பதற்கு வைத்தியம் ஒரு பாதி. மறுபாதி கடதாசி. இங்கும் ஒரு வேடிக்கையான தற்செயலை வாசகர் கவனிக்க வேண்டும். விமானிகளின் உரிமங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கு வழிசெய்த சிக்காகோ உடன்படிக்கை 1944 டிசம்பரிலே கைச்சாத்தாகியது. இலங்கை அதிலே சேர்ந்தது 1948இல். அதே 1948இலேதான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, எம் பாட்டன்மார் நாடற்றவராயினர். இந்நாட்டுப் பிரஜை உலகின் எப்பகுதியிலும் பறக்கப் பயிலலாம் என்ற கதவு திறந்த ஆண்டிலே, தோட்டத் தொழிலாளி பிரஜையல்லன் என்ற கதவு சாத்தப்பட்டது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது; எஞ்சிய 150,000 பேர் 1974இல் மீண்டும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றவரின் பிரச்சினை சட்டத்தால் இறுதியாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். பிரஜாவுரிமை இன்றேல் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இன்றேல் வெளிநாட்டுப் பயிற்சி இல்லை. எமது சமூகத்திலே விமானிகள் ஏன் அரியர் என வினவுவோர், அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சமூகத்தில் எத்தனை பேர் கையிலே கடவுச்சீட்டு இருந்தது என முதலில் வினவட்டும்.

சட்டம் தீர்ந்தபின்னும் கடதாசியின் தொல்லை தீரவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலின் பின் அமெரிக்காவிலே பறக்கப் பயிலச் செல்லும் அந்நியர், விரலடையாளம் உட்படப் பாதுகாப்புப் பரிசீலனைக்கு ஆளாகின்றனர். அதிலே பெயர் ஓரெழுத்தும் பிசகாதிருத்தல் வேண்டும். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். தமிழ் அறியாத பதிவாளர் செவிவழி எழுதிய பெயர் ஒன்று; அடையாள அட்டையிலே வேறொன்று; பாடசாலைப் பதிவிலே மூன்றாவது. தந்தையின் பெயர் எங்கோ தாத்தாவின் பெயராய் மாறியிருக்கும். திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் அலைய வேண்டும். அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்பேர் இழப்பு.

வெளிநாட்டிலே பெற்ற உரிமம் தாய்நாட்டிலே தானாகவே செல்லாது என்பதும் பலர் அறியாத ஒன்று. உடன்படிக்கையின் 32ஆம் உறுப்புரை, தன் பிரஜைக்கு வேற்று நாடு வழங்கிய உரிமத்தைத் தன் நிலப்பரப்பின் மேலான பறப்புக்கு ஏற்க மறுக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் வைத்திருக்கின்றது. அந்நிய உரிமத்தோடு திரும்புபவர் எமது சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் முன் மீண்டும் தம் தகுதியை நிறுவுதல் வேண்டும். பறந்த மணிநேரங்களை உரிமம் வழங்கிய நாடு உறுதிப்படுத்த வேண்டும். சட்டப் பாடத்திலே பரீட்சை எழுதவேண்டி வரும். வைத்திய மதிப்பீடு இங்கேயும் நிறைவேற வேண்டும். வர்த்தக உரிமத்துக்கு 18 வயதும் 200 மணிநேரப் பறப்பும், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150 மணிநேரமும், முதலாம் இணைப்பு கேட்கும் குறைந்த அளவுகள். நாடு விரும்பினால் மிகையாகவும் கேட்கலாம். இந்தியா, பன்னிரண்டாம் வகுப்பிலே பௌதிகமும் கணிதமும் கற்றிருத்தல் வேண்டுமென நெடுங்காலம் விதித்து வந்தது. கலைப்பீட மாணவனாகிய நான் அவ்விதியை வாசித்தபோது சற்றே சிரித்தேன். முதலாம் இணைப்பிலே அப்படியொரு பாடசாலைப் பாடம் குறிப்பிடப்படவில்லை. இத்தனையும் அச்சிலே உள்ளன, ஒளிவுமறைவு ஏதுமில்லை. ஆனால் ஆங்கில அச்சு.

ஆங்கிலம் என்றவுடன் மற்றுமொரு தடை. சர்வதேசப் பறப்பிலே ஈடுபடும் விமானிக்கு ஆங்கிலப் பேச்சுத்திறன் ஆறு படிகளிலே நான்காம் படியாவது இருத்தல் வேண்டும். நான்காம் படியினர் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் ஐந்தாம் படியினர் ஆறாண்டுக்கு ஒருமுறையும் மீளச் சோதிக்கப்படுவர். இதுவும் நியாயமே. நாட்டுக்கு நாடு மொழி வேறாயிருக்கையில் வானிலே ஒரு பொதுமொழி இல்லாதிருத்தல் ஆபத்து. ஆங்கில ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையிலே கற்றவனும், வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவனும் ஒரே படியில் நின்றே சோதிக்கப்படுவர். படியைத் தாழ்த்து என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டைக் கட்டித் தா என்கின்றேன்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஒரு கணக்குப் போதும். வெளிநாட்டிலே வர்த்தக உரிமம் வரை பயிலும் செலவை ஒரு கோடி ரூபா என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியிலே விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. ஒரு தொழிலாளி உண்ணாமல் உடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேமித்தால் 7407 நாட்கள் வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்ததாகக் கொண்டாலும் 24 ஆண்டுகளுக்கு மேல். இத்தகைய வீட்டிலிருந்து திரட்டிய பணத்தைக் கையிலே வாங்குபவன், அதனை வாங்குமுன் பையனின் கண்ணைப் பார்த்தானா என்று கேட்க இந்நாட்டிலே சட்டமொன்று இருத்தல் வேண்டாமா? வெளிநாட்டு வேலைக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் எம் சகோதரியை வைத்தியப் பரிசோதனை முடியுமுன் எந்த முகவரும் விமானமேற்றுவதில்லை. அங்கே சோதனை முதலில், பயணம் பின்னர். ஏனெனில் அவள் திருப்பியனுப்பப்பட்டால் நட்டம் முகவருக்கு. மாணவன் திருப்பியனுப்பப்பட்டால் நட்டம் அவன் தாய்க்கு. ஒழுங்கு தலைகீழாவதன் இரகசியம் இவ்வளவே.

எனவே நான் கேட்பன சில. முதலாம் வகுப்பு வைத்திய மதிப்பீட்டிலே தேறிய சான்றிதழைக் கண்டபின்னன்றி, வெளிநாட்டு விமானிப் பயிற்சிக்கென எவரிடமும் கட்டணம் பெறலாகாது என முகவர்களைக் கட்டுப்படுத்தும் விதியொன்று வேண்டும். பெறுவாராயின் முழுத் தொகையையும் திருப்பித் தரும் பொறுப்பு அவர்களுடையதாக வேண்டும். அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியர் ஆண்டுக்கு இருமுறையேனும் அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்து, குறைந்த கட்டணத்தில் முதற்கட்டச் சோதனையை நடத்த வேண்டும். பாடசாலை வைத்தியப் பரிசோதனையின்போது வர்ணத் தட்டுகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டப்பட வேண்டும். விமானிக்கு மட்டுமன்று, இரயில் சாரதிக்கும் மின்வினைஞருக்கும் இரசாயனம் பயிலப்போகும் மாணவருக்கும் அது பயன்படும். என் வகுப்பிலே எவர்க்கும் அத்தட்டுகள் காட்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இவையெல்லாம் அரசு செய்யவேண்டியவை என்று தள்ளிவிட்டு நாம் கைகட்டி நிற்கலாகாது. தமிழ்ச் சங்கம் என்ற பெயரிலே ஆண்டுக்கு ஒரு மலரும் ஒரு முத்தமிழ் விழாவும் நடத்துகின்ற எமக்கு, அந்த இணைப்பின் வைத்திய அத்தியாயத்தைத் தமிழிலே பெயர்த்து எட்டுப் பக்கச் சிறு நூலாக அச்சிட்டு மலையகப் பாடசாலைகளுக்கு அனுப்ப எத்தனை நாள் பிடிக்கும்? வைத்தியபீடத்து நண்பர் இருவர், ஆங்கிலத்துறை நண்பர் ஒருவர், தட்டச்சுக்கு ஒருவர். நான் அச்சுக்கூலிக்கு அலையத் தயார். விவாதத்திலே கைதட்டியோர் அனைவரும் ஆளுக்கு ஒருநாள் தந்தாலே அதிகம். சங்கச் செயற்குழு இதனை மறுக்குமாயின் காரணத்தை எழுத்திலே தரட்டும். அடுத்த மலரிலே அதற்கும் மறுமொழி எழுதுவேன்.

அண்ணன் இப்போது அட்டனிலே ஒரு தனியார் வகுப்பில் கணிதம் கற்பிக்கின்றார். வட்டிக்கடன் இன்னும் தீரவில்லை. சென்ற ஆண்டு அவர் தம் சொந்தப் பணத்திலே இஷிஹாராவின் புத்தகமொன்றை வாங்கினார். உயர்தர மாணவர் புதிதாக வந்து சேரும் நாளிலே, சன்னலோரமாகப் பகல்வெளிச்சத்தில் ஒவ்வொருவராக இருத்தி, தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகின்றார். பையன் சொல்லும் எண் சரியா என்பது அவருக்குத் தெரியாது; தட்டின் இலக்கத்தைப் பார்த்து, பின்னட்டையிலுள்ள விடையோடு ஒப்பிட்டுத்தான் அறிகின்றார். இவ்வாண்டு 41 மாணவருள் இருவர் தடுமாறினர். அவ்விருவரையும் தனியே அழைத்து, இது முடிவான தீர்ப்பன்று, ஆஸ்பத்திரியிலே கண் வைத்தியரிடம் காட்டுங்கள் என்று கூறி, பெற்றாருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கின்றார்.